ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்துதல்: சேலத்து வேகத்தடைக்கும் ஏற்காட்டு வளைவுக்கும் பொருந்தும் உயரம்

காரைத் தாழ்த்த விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தே உயரத்தை முடிவு செய்கிறார்கள். அது காலிக் காரைச் சமதரையில் நிறுத்திவிட்டுப் பார்க்கும் பார்வை. நால்வரும் அவர்களுடைய பைகளும் ஏறிய பிறகு, இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்க முன் சக்கரம் அமுங்கி நிற்கிற அந்த நொடியில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்பதைக் கொண்டுதான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இதில் வேறு வழியும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறி இறங்குகிற சாலை வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. கீழே நகருக்குள் தெருவுக்குத் தெரு வேகத்தடை இருக்கிறது. இந்த இரண்டையும் கடக்க முடியாத கார் எவ்வளவு அழகாக நின்றாலும் பயனில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவது முறை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஆகவே ஸ்பிரிங் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கிவைத்துக்கொள்வதும் அவசியம். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் காருக்கடியில் குனிந்து பார்க்கும்போது முதல் முறையாக இந்தப் பேச்சு எழுவது நல்லதல்ல.

அளவு எடுத்தல்

உயரத்தைத் தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். டயரில் காற்று குறைந்தாலோ டயர் தேய்ந்தாலோ அந்த அளவு மாறிவிடும். தரை சற்றுச் சரிந்திருந்தாலும் மாறிவிடும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து செங்குத்தாக மேலே மட்கார்டின் உள்விளிம்பு வரை அளப்பதே நம்பகமான முறை. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை நேரடியாகக் காட்டுவது இந்த அளவு ஒன்றே. நான்கு சக்கரங்களுக்கும் இதை எடுத்து, தேதியோடும் பெட்ரோல் அளவோடும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அளக்கும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். வீட்டுக் கார் ஷெட்டின் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய், இந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவி எதையும்விட நன்றாக உதவும். சக்கரங்கள் நிற்கப் போகும் நான்கு இடங்களையும் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, குழாயின் ஒரு முனையை முதல் குறியிலேயே நிறுத்தி, மறுமுனையை மற்ற மூன்று குறிகளுக்கும் கொண்டுபோய்த் தண்ணீர் மட்டத்தின் வேறுபாட்டை அளந்தால், எந்த மூலை எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தாழ்ந்த இடத்தில் பிளைவுட் துண்டையோ மிஞ்சிய தரை ஓட்டையோ வைத்து உயர்த்திக்கொள்ளலாம். குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகிவிடும் என்பதைக் கொத்தனார் யாரும் சொல்லித் தருவார். மூலைக்கு மூலை 5 மி.மீ. சரிவு இருந்தாலே, சரியாக வேலை செய்யும் ஸ்பிரிங்கைக் குறைசொல்லிக் கழற்ற வைத்துவிடும்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்த்து, காரை ஒரு சக்கரச் சுற்றாவது முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, கைப் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளப்பது வீண் வேலை. டயர்கள் உள்பக்கம் இழுபட்டு நிற்பதால் கார் உண்மையைவிட உயரமாகத் தெரியும்.

காலி அளவை எடுத்த பிறகு சுமை அளவையும் எடுங்கள். பலர் விட்டுவிடுகிற படி இதுதான். ஆட்களை ஏற்றி உட்கார வைப்பதைவிட 25 கிலோ அரிசி மூட்டைகளைக் கொண்டு அளப்பது வசதி; மூன்று மூட்டை ஓர் ஆளுக்குச் சமம். லீ பஜாரில் மொத்தமாக அரிசி வாங்குகிற வீடாக இருந்தால் மூட்டைகள் வீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு மணி நேரம் காரில் இருந்துவிட்டுப் போகட்டும். ஓட்டுநர் இருக்கை, பின் இருக்கை, டிக்கி என நீங்கள் உண்மையில் ஏற்றுகிற சுமையை வைத்து நான்கு மூலைகளையும் மீண்டும் அளந்து, அதே நிலையில் காருக்கடியில் மிகத் தாழ்ந்த பகுதி எது, அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சைலன்சர் குழாயின் இணைப்போ, இன்ஜினுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டமோ பெரும்பாலும் அந்த இடமாக இருக்கும். நம் ஊர்ச் சிறு கார்களுக்கு 165, 170 மி.மீ. என்று விளம்பரத்தில் சொல்லப்படுகிற தரை இடைவெளி பெரும்பாலும் காலிக் காருக்கானது. சுமையோடு அது எவ்வளவாகக் குறைகிறது என்பதை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

ஸ்பிரிங்கின் கணக்கு

30 மி.மீ. தாழ்த்த வேண்டுமென்றால் 30 மி.மீ. குட்டையான ஸ்பிரிங் போட்டால் போதும் என்பது பரவலான நினைப்பு. ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாமல் இருந்தால் மட்டுமே அது சரி. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். முன் மூலையில் ஸ்பிரிங் தாங்கும் சுமை 300 கிலோ என்றும், கம்பெனி ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ வேண்டும் என்றும், சுமையில்லாத நிலையில் அதன் நீளம் 350 மி.மீ. என்றும் கொள்வோம். கார் நிற்கும்போது அது 150 மி.மீ. அமுங்கி 200 மி.மீ. நீளத்தில் இருக்கும். தாழ்த்தும் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ என்றால் அதே சுமைக்கு 120 மி.மீ.தான் அமுங்கும். கார் 30 மி.மீ. தாழ நிற்கும் நீளம் 170 மி.மீ. எனில் சுமையில்லாத நீளம் 290 ஆக இருக்க வேண்டும். அதாவது 30 மி.மீ. தாழ்வுக்கு 60 மி.மீ. குட்டையான ஸ்பிரிங். (மேஜைமேல் பழையதையும் புதியதையும் அருகருகே நிறுத்திப் பார்த்து, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்று பொருள்.)

விறைப்பு ஏன் கூட வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். சக்கரம் மேலே ஏற 80 மி.மீ. இடம் இருந்த காரை 30 மி.மீ. தாழ்த்தினால் மிஞ்சுவது 50. அதிலும் கடைசி 40 மி.மீ. பம்ப் ஸ்டாப் என்னும் நுரைக் கட்டையின் பங்கு என்றால், சக்கரம் 10 மி.மீ. ஏறியதுமே கட்டையில் முட்டத் தொடங்கிவிடும். அதே பள்ளத்தை அந்தச் சிறு தூரத்துக்குள் விழுங்க வேண்டியிருப்பதால்தான் ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். தாழ்வு மட்டும் இருந்து விறைப்பு கூடாத ஸ்பிரிங் எந்தக் காருக்கும் உதவாது.

விறைப்பு கூடும்போது ஷாக் அப்சார்பரின் வேலையும் கூடும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி நிமிரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதன் பொறுப்பு. விறைப்பு கால் பங்கு கூடினால் தேவையான கட்டுப்பாடு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடும். நல்ல நிலையிலுள்ள கம்பெனி ஷாக் அதைச் சமாளித்துவிடும். ஆனால் 60,000 கிலோமீட்டர் ஓடி, கம்பியில் எண்ணெய் கசிந்து நிற்கிற ஷாக்கின்மேல் புது ஸ்பிரிங்கைப் போடுவது பணத்தைக் கரைப்பது. எப்படியும் ஸ்ட்ரட்டை, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூணை, முழுதாகக் கழற்றத்தான் போகிறோம். ஷாக், அதை உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட், அதனுள் சுழலும் பேரிங் மூன்றும் பழையதாகியிருந்தால் ஒரே கையோடு மாற்றிவிடுவதுதான் சிக்கனம்.

ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கும்போது காரின் பெயரை மட்டும் பார்க்காமல் அச்சின் எடையையும், அதாவது முன் ஜோடிச் சக்கரங்களும் பின் ஜோடிச் சக்கரங்களும் தனித்தனியே தாங்கும் எடையையும் பாருங்கள். ஒரே மாடலில் டீசல் இன்ஜின் பெட்ரோலைவிடக் கனமானது. ஒன்றுக்கான முன் ஸ்பிரிங் மற்றதில் வேறு உயரத்தில் நிற்கும். எய்பாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் தயாரிப்பாளர்கள் எந்த அச்சு எடை வரை எந்த ஸ்பிரிங் என்று குறிப்பிட்டுத் தருகிறார்கள். அந்த விவரம் ஏதும் இல்லாமல், எல்லாக் காருக்கும் சேரும் என்று விற்கப்படுவதை வாங்காதீர்கள்.

வெட்டுவது பற்றி

கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று சொல்கிற பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு. கிரைண்டரால் வெட்டினாலும் கேஸ் வைத்து வெட்டினாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கேஸ் என்றால் கண்டிப்பாகக் கூடாது, ஏனெனில் சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். சுற்றைக் குறைத்தால் விறைப்பு கூடுவது உண்மைதான். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங் ஐந்தானால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் அதே பள்ளத்தை ஆறு சுற்று பகிர்ந்துகொண்ட இடத்தில் இனி ஐந்து சுற்று தாங்க வேண்டும். வெட்டிய முனை அதற்கென அமைந்த இருக்கையில், அதாவது ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் தட்டில், பொருந்தி உட்காராமல் ஒரு புள்ளியில் குத்தி நிற்கும். இரண்டு சுற்றை வெட்டினாலோ, சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தளர்ந்து ஆடும். வளைவில் உள்பக்கச் சக்கரம் தொங்கி மீண்டும் இறங்கும்போது அது இடம் மாறி உட்கார்ந்துகொள்ளலாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஷாக் முழுதாக நீண்டால் இருக்கைகளுக்கிடையே 280 மி.மீ. இருக்கும் என்று வைத்தால், 290 மி.மீ. நீளமுள்ள புது ஸ்பிரிங் அப்போதும் 10 மி.மீ. அமுங்கியே நிற்கும், ஷாக்கின் முழு நீட்டத்திலும் ஸ்பிரிங் பிடிப்போடு இருக்கிறதா என்பதை வாங்கியவுடன் அளந்து பார்க்க வேண்டிய காரணம் இதுவே.

எவ்வளவு தாழ்த்தலாம்

இந்தியச் சாலைக் காங்கிரஸின் பரிந்துரைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக வளைந்திருக்க வேண்டும். 2.45 மீட்டர் அச்சிடைவெளி உள்ள சிறு கார் அதன்மேல் நடுவாக நிற்கும்போது வயிற்றுப் பகுதியில் குறைவது ஏறக்குறைய 44 மி.மீ.தான்; தாழ்த்திய காரும் தாராளமாகக் கடக்கும். தொல்லை தருபவை தெருக்காரர்களே சிமெண்டிலோ தாரிலோ போட்டுக்கொண்ட குட்டைத் தடைகள். முழம் இரண்டு முழ அகலத்தில் சட்டென்று எழும்பி நிற்கிற அது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே வரும்போது அதன் முழு உயரமும் உங்கள் தரை இடைவெளியிலிருந்து கழிந்துவிடும். சுமையோடு 135 மி.மீ. இருக்கிற காரை 30 மி.மீ. தாழ்த்தினால் 105, தடையின் உயரம் 120 என்றால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வேண்டாம். உங்கள் தெருவிலும் நீங்கள் தினமும் போகிற வழியிலும் இருக்கும் மிக மோசமான தடையின் இரு பக்கமும் சாலை மட்டத்தில் செங்கல்லை நிறுத்தி, நூலை மட்டமாக இழுத்துக் கட்டி, உச்சியின் உயரத்தை அளந்து வாருங்கள். அஸ்தம்பட்டியில் இருப்பவருக்கும் கொண்டலாம்பட்டியில் இருப்பவருக்கும் விடை வேறாக இருக்கும்.

பின்பக்கத்தில் கணக்கு இன்னும் இறுக்கமானது. பின் இருக்கையில் மூவரும் டிக்கியில் பைகளும் என்றால் பின் சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் ஏறத்தாழ 100 கிலோ கூடும். விறைப்பு மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ என்றால் 40 மி.மீ. தாழ்வது அதிலேயே போய்விடும். அதற்கு மேல் 35 மி.மீ. தாழ்த்தியிருந்தால் கார் பம்ப் ஸ்டாப்பின்மேல் உட்கார்ந்தபடிதான் குடும்பத்தை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்லும். சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகில் இடிக்கும். மலைக்குக் குடும்பத்தோடு போகிற காருக்கு முன்னால் 25, பின்னால் 15 முதல் 20 மி.மீ. வரை தாழ்த்துவதே என் முடிவு. எஸ்டேட் சாலைகளுக்குள் அடிக்கடி போக வேண்டியவர்கள் தாழ்த்தாமல் விட்டுவிட்டு நல்ல ஷாக்கும் நல்ல டயரும் வாங்குவது மேல். முன் பின் இரண்டு மட்கார்டுகளிலும் இடைவெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று பின்பக்கத்தை அதிகம் இறக்காதீர்கள். மட்கார்டு வளைவின் வடிவம் வேறு, காரின் நிலை வேறு. கார் காலியாக இருக்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கலாக நிற்பது, சுமை ஏறியதும் மட்டமாவதற்காகத்தான்.

முன்பக்கத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஸ்ட்ரட் அமைப்புள்ள காரில் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு கீழே இணைக்கும் கை, உள்முனையிலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். தாழ்த்தத் தாழ்த்த அது படுக்கையாகி, பிறகு வெளிமுனை மேலே போய்விடும். அந்த நிலைக்குப் போனால் வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் உடலின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கிவிடுவதால், விறைப்பான ஸ்பிரிங் போட்ட பிறகும் கார் முன்னைவிட அதிகமாகச் சாய முற்படும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கும் தானே இழுக்கும். ஓட்டுநர் எடையோடு நிற்கும்போது ஆர்ம் படுக்கையாக இருப்பதே கடைசி எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்துதல்

அமுக்கிய ஸ்பிரிங் கையாளத் தெரியாதவரைக் கொல்லக் கூடியது. இதில் மிகைப்படுத்தல் ஏதுமில்லை. ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றிய நிலையிலேயே நம் எடுத்துக்காட்டுக் காரின் பழைய ஸ்பிரிங் 70 மி.மீ. அமுங்கியிருக்கும், அதாவது 140 கிலோ விசையோடு விடுபடக் காத்திருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிராக இரண்டு பக்கமும் மாட்டி, மாறி மாறிச் சம அளவில் இறுக்கி, ஸ்பிரிங் மேல் இருக்கையை விட்டுத் தளர்ந்துவிட்டது என்று கையால் அசைத்துப் பார்த்து உறுதி செய்யும் வரை மேல் நட்டில் ஸ்பேனரை வைக்கக் கூடாது. கொக்கிகள் தேய்ந்த, மரை வழுக்குகிற கம்ப்ரசர் இருந்தால் அன்று வேலையைத் தொடங்காதீர்கள். சுவரில் பொருத்திய ஹைட்ராலிக் கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதும்.

காரை ஜாக்கியில் மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தொடங்குங்கள். முன்பக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொங்கவிட்டுச் செய்தால் இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, அதன் லிங்க் நட்டுகள் எளிதில் வரும். பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் ஸ்ட்ரட்டின் கிளிப்பிலிருந்து விடுவித்துக்கொண்டு, ஸ்ட்ரட்டைச் சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகளின் தலை நிற்கும் நிலையைப் பெயின்ட் கோட்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றியதும் நக்கிள் வெளியே சாய்ந்து, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டை இழுக்காதபடி கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

புது ஸ்பிரிங்கைப் போடும் முன், பொறுமை உள்ளவர்கள் ஒரு சோதனை செய்யலாம்; மலைச்சாலைக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை இல்லை. ஸ்பிரிங் இல்லாமல், பம்ப் ஸ்டாப்பை மட்டும் போட்டு ஸ்ட்ரட்டைத் தற்காலிகமாகப் பொருத்தி, சக்கரத்தையும் மாட்டி, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மெல்ல மேலே ஏற்றுங்கள். பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும் வரை ஏற்றிய நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் வெளி ஓரம் மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனிங்கில் உரசுகிறதா, உள் ஓரம் ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங் தட்டில் தொடுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். முழுதாகத் திருப்பி, முழுதாக அமுங்கி நிற்கிற இந்த நிலைதான் ஏற்காட்டுக் கொண்டை ஊசியில் வெளிப்பக்கச் சக்கரம் அடைகிற நிலை. சுண்ணாம்பை டயர் ஓரத்தில் தடவிவிட்டால் உரசிய இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும்.

பம்ப் ஸ்டாப்பை வெட்டுவதா வேண்டாமா என்பது ஸ்பிரிங் தயாரிப்பாளரின் குறிப்பில் இருக்கும். அது சொல்லாத பட்சத்தில் தொடாதீர்கள். கழற்றி எறிவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். அது இல்லாத ஷாக், முதல் பெரிய பள்ளத்திலேயே உள்ளுக்குள் இரும்போடு இரும்பு மோதி உடையும்.

ஸ்பிரிங்கின் முனை கீழ் இருக்கையிலுள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, அதற்கு மேல் கூடாது. ஸ்பிரிங்கில் அச்சிட்ட எழுத்துகள் நேராகப் படிக்கும்படி இருந்தால் பெரும்பாலும் மேல் கீழ் சரியாக இருக்கிறது என்று பொருள். மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் கம்பி சுழன்று உள்ளே இருக்கும் சீல் கெடும். கம்பியை ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு கையால் இறுக்கி, டார்க் ரெஞ்சில் முடியுங்கள். பழைய பூட்டு நட்டை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் போடுங்கள். இறுக்க வேண்டிய அளவுகள் காருக்குக் கார் மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ளதே சரியானது.

பின்பக்கம் முறுக்கு அச்சு, அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைக் குறுக்குச் சட்டம், உள்ள சிறு கார்களில் வேலை மிகச் சுலபம். அச்சை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். இறக்கும்போது பிரேக் ஹோஸும் கைப் பிரேக் கேபிளும் அச்சின் எடையைத் தாங்கும் நிலை வரக் கூடாது. மேலும் கீழும் உள்ள ரப்பர் இருக்கைகளை மறக்காமல் திரும்பப் போடுங்கள். அவற்றின் கனமும் உயரத்தில் சேரும்.

இனி, பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுவிடப்படுகிற ஒரு வேலை. லோயர் ஆர்மின் உள்முனையிலும் பின் அச்சின் முன்முனையிலும் உள்ள ரப்பர் புஷ்கள் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக் கொடுத்துத்தான் ஆர்ம் அசைகிறது. பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டால், புது உயரத்தில் கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கப்பட்ட நிலையில் இருக்கும். காரைச் சற்று மேலே தூக்கியும் பிடிக்கும், சில மாதங்களில் கிழிந்தும் போகும். ஆகவே அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு சக்கரங்களும் தரையிலோ சமமான பலகைகளின் மேலோ நிற்கும்போது, காரை உருட்டி, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளின் சுமையை வைத்த பிறகு மீண்டும் இறுக்க வேண்டும். சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால் முன்னிருந்ததைவிட நிலைமை மோசமாகும். புது ஸ்பிரிங் சொன்ன அளவு இறங்கவில்லை என்று வருகிற புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இறங்கிய பிறகு

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மில்லிமீட்டர் இறங்கும். வேலை முடிந்த அன்று டோ அளவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவை, மட்டும் தோராயமாகச் சரிசெய்துகொண்டு ஊருக்குள்ளும் பைபாஸிலும் ஓட்டி, இறங்கி நின்ற பிறகு முழு அலைன்மெண்டைச் செய்வது நல்லது. அலைன்மெண்ட் கடையில் முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 25 மி.மீ. தாழ்வுக்கு முன் சக்கரத்தின் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், அரை டிகிரிக்கு முன்பின் உள்பக்கம் போகும். இது வளைவில் பிடிப்புக்கு உதவுமே தவிரத் தொந்தரவு செய்யாது. டயரின் உள் ஓரம் தேய்ந்ததும் எல்லோரும் கேம்பரைக் குற்றம் சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தாழ்த்தியதில் மாறிப்போன டோ. இடது வலது கேம்பருக்கு இடையே பெரிய வேறுபாடு இருந்தால் மட்டும் கேம்பரைத் திருத்தும் சாய்வு போல்ட் போட்டுச் சமன் செய்யலாம்.

பழைய சிறு கார்கள் சிலவற்றில் பின் அச்சோடு ஒரு நெம்புகோலால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. உடல் தாழ்ந்து நிற்பதை அது சுமை ஏறியதாக எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் அழுத்தம் அனுப்பும். மழையில் நனைந்த மலைச்சாலையில் இறங்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு இது போதும். உங்கள் காரில் அந்த வால்வு இருந்தால் புது உயரத்துக்கு ஏற்ப அதை மேனுவல்படி திருத்தாமல் மலை ஏறாதீர்கள். முன்கண்ணாடிக் கேமராவையும் ரேடாரையும் நம்பி ஓடும் புதிய கார்களில் அவற்றின் அளவீட்டையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

முகப்பு விளக்கு முன்பக்கத்தோடு சேர்ந்து இறங்கியிருக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கவில்லை என்பதால் ஒளி விழும் கோணமும் மாறியிருக்கும். ஏற்காட்டில் மாலைப் பனிமூட்டத்தில் இறங்க வேண்டியவர்கள் இதை விட்டுவிட முடியாது. ஸ்பிரிங் மாற்றும் முன்பே சுவரிலிருந்து குறித்த தூரத்தில் நிறுத்தி ஒளியின் மேல்வெட்டைச் சுண்ணாம்பால் குறித்து வைத்திருந்தால், பிறகு அதே இடத்தில் நிறுத்தி, விளக்கு இறங்கிய அளவுக்குக் கோட்டையும் இறக்கி அதற்கேற்பத் திருகினால் போதும்.

முதல் மலைப் பயணத்தைத் தனியாக, பகலில், காலிக் காரோடு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் வந்து, ஒவ்வொரு வளைவிலும் உரசல் சத்தத்துக்குக் காது கொடுங்கள். அடிவாரம் வந்ததும் லைனிங்கில் பளபளப்பான கோடு இருக்கிறதா, பம்ப் ஸ்டாப்பின் அடியில் தூசி அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாக்கின் கம்பியில் கீழ்முனையை ஒட்டி ஒரு மெல்லிய கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி விட்டிருந்தால், எவ்வளவு அமுங்கியது என்பதை அது தள்ளப்பட்டு நிற்கும் இடமே காட்டும். அடுத்த முறை அரிசி மூட்டைகளோடு அதே பாதையில் சென்று மீண்டும் பாருங்கள். டை பம்ப் ஸ்டாப்பின் பாதியைத் தாண்டியே நிற்கிறதென்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் சுமைக்குத் தாழ்வானது. பின்பக்கத்துக்குப் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் புதியதில் விடாமல், இரண்டு அச்சுக்கும் சேர்ந்து ஒரு படி உயரமான செட்டை வாங்குங்கள். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளை இடது வலது எழுதி, துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி, ரப்பர்களோடு சாக்கில் கட்டிப் பரணில் வைத்துவிடுங்கள். காரை விற்கும்போதும் அவை தேவைப்படும்.